அறுபத்து மூன்றாம் கேள்வியின் எடை

செவிலியர் வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பித்தால், ஆறு மாதத்துக்கு முன்பே கேள்விகள் வீட்டுக்கு வந்துவிடும். காகிதமாக அல்ல, ஆட்களாக. பெரியவர்கள் அறுபது, குழந்தைகள் நாற்பது, ஆக நூறு கேள்வி. எங்கள் வீடு ஓர் அறையும் அடுப்படியும்தான் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். அதனால் எனக்குப் பதினெட்டு நாளுக்குப் பத்துப் பேராக மாற்றி மாற்றி அனுப்பினார்கள்.

ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஓர் அட்டை கட்டியிருக்கும். வயது, எடை, என்ன தொந்தரவு என்று நாலு வரி. கீழே அ, ஆ, இ, ஈ என்று நாலு விடை. பயிற்சிக் காலத்தில் அந்த நாலில் எதையும் செய்துவிடக் கூடாது. பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தேர்வு நாளில் நூறு பேரையும் கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கொரு வட்டத்தைக் கறுப்பாக்கி, கறுப்பாக்கியதை நம் கையாலேயே செய்து காட்ட வேண்டும்.

முதல் பத்தில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்தார். மூச்சுத் திணறல். கட்டிலில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மூச்சுக்கு இழுத்தார். என் வீட்டுக்காரர் கொம்பையா மினிபஸ் ஓட்டுகிறவர். மத்தியானம் சாப்பிட வந்தவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏ இசக்கி, அந்த மனுசனுக்கு முதுகுக்கு ரெண்டு தலகாணி குடுத்து உக்கார வச்சா என்ன?"

"அதுதாங்க சரியான விடை. இப்பம் செய்யக் கூடாது."

"சரி," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

இருபத்தெட்டாம் கேள்வி எழுபது வயது அம்மா. கணவர் இறந்த செய்தியை இப்போதுதான் கேட்டவர் என்று அட்டையில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் பதினெட்டு நாள் இருந்தார். பதினெட்டு நாளும் இப்போதுதான் கேட்டவராகவே இருந்தார். அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது 'ஈ' விடை என்பதால் நான் அவர் பக்கம் போனபோதெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே போனேன்.

ஏழாவது பத்தில் அறுபத்து மூன்று வந்தாள். அட்டையில் இப்படி இருந்தது: பெண் குழந்தை. வயது நான்கு. எடை பதினான்கு கிலோ. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண்கள் குழிந்துள்ளன. தண்ணீரை ஆவலாகக் குடிக்கிறாள். தாய் பதற்றமாக உள்ளார். செவிலியர் செய்ய வேண்டியது என்ன?

அ, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுப்பது. ஆ, வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் வைப்பது. இ, உப்பு சர்க்கரைக் கரைசலை நாலு மணி நேரத்துக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பது. ஈ, தாயை வெளியே அனுப்புவது.

என் மகள் தன்ஷிகாவுக்கு அப்போதுதான் நாலு முடிந்திருந்தது. ஒன்றரை வயதில் அவளுக்கு இதே மாதிரி வந்து, கிராம நர்ஸ் வீட்டுக்கே வந்து கரண்டி பிடித்துக் காட்டிக் கொடுத்தார். அதனால் எனக்கு இந்தக் கேள்வியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் 'இ' என்று தெரிந்துவிட்டது.

அறுபத்து மூன்று நிறையத் தண்ணீர் குடித்தாள். வந்த அன்றைக்கே ஒரு குடம் காலி. கண் மேலே வரவில்லை. குடித்த தண்ணீர் கேள்விக்குள் போகாது. ஆவலாகக் குடிக்கிறாள் என்று போட்டிருப்பதால் குடித்துக்கொண்டே இருந்தாள். தன்ஷிகா தன் குட்டி டம்ளரை எடுத்துக்கொடுத்து, "பாப்பா, குடி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சொப்பு வைத்து விளையாடினார்கள். சொப்பில் வைத்த தண்ணீரையும் அறுபத்து மூன்று குடித்துவிட்டாள்.

கூட வந்த தாய்க்குப் பதற்றம் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். பெயர் இல்லை, வயது இல்லை. சும்மா இருக்கிறாளே என்று அவரைக்காய் நறுக்கக் கொடுத்தேன். பதற்றமாக நறுக்கினாள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தடவை என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு ஏதாச்சும் குடுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்பாள். அவளுக்கு இருந்த பேச்சு அது ஒன்றுதான். நான் சிரித்துக்கொண்டே, "பரீட்சை அன்னைக்குப் பார்ப்போம்க்கா," என்பேன்.

தேர்வுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே பயிற்சி மையத்துச் சுவரில் விடைகளை ஒட்டினார்கள். எல்லாரும் ஒரே மாதிரி செய்தால்தான் ஆஸ்பத்திரி ஓடும் என்பதால் விடைகளை முன்கூட்டியே ஒட்டிவிடுவது வழக்கம். நான் தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். அறுபத்து மூன்றுக்கு நேரே 'ஆ' என்று இருந்தது.

மையத்தை நடத்துகிறவர் ரோஸ்லின் சிஸ்டர். முப்பது வருஷம் வார்டில் நின்று ஓய்வு பெற்றவர். நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"சிஸ்டர், அறுபத்து மூணு தப்பா இருக்கு."

"தெரியும். அறுபத்து ரெண்டு ஆபரேஷனுக்குப் போற பையன். அவனுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது, அது சரி. டைப் அடிக்கிறவன் அதையே கீழேயும் ஒரு வாட்டி அடிச்சிட்டான்."

"திருத்த மாட்டாங்களா?"

"திருத்துவாங்க. பாதிக்கப்பட்ட நோயாளி ஏழு நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும்."

"அது நாலு வயசுப் பிள்ள சிஸ்டர்."

"அப்பம் அம்மா போடலாம்."

மனுவை வாங்கிக்கொண்டு வந்து தாயிடம் கொடுத்தேன். பேனாவை வாங்கிக்கொண்டாள். ஏழு நாளும் அதைப் பதற்றமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டையில் அவளுக்குப் பெயர் இல்லாததால் போடுவதற்குக் கையெழுத்தும் இல்லை. எட்டாம் நாள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு ஏதாச்சும் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

ரோஸ்லின் சிஸ்டர் எதையும் மூடி மறைக்கிறவர் அல்ல. "நல்லாக் கேட்டுக்கோ," என்றார். "பரீட்சையில 'ஆ' செஞ்சேன்னா அந்தப் பிள்ள சாயங்காலம் வரைக்கும் தாங்காது. 'இ' செஞ்சேன்னா உனக்கு ஒரு மார்க் போவும். போன தடவ நீ ஒரு மார்க் கொறஞ்சுதான் நின்னே. வயசு வரம்பும் உனக்கு இந்தத் தடவையோட முடியுது."

"ஆமா சிஸ்டர்."

"நான் ஒண்ணும் சொல்லல."

என்கூடப் படித்த ஜெபக்கனி அப்போது மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவள் வீட்டிலும் ஓர் அறுபத்து மூன்று இருந்தாள். அதே முகம், அதே குழிந்த கண், அதே தாய். எல்லா செட்டும் ஒரே அச்சுத்தானே. வெளியே வந்ததும் என் முதுகில் தட்டினாள்.

"ஏட்டி, அது கேள்வி. பிள்ளன்னு நெனச்சுக்கிட்டு இருக்காத."

"நீ அவளுக்குத் தலை சீவி விடுதியே."

"தலையில பேன் இருக்குன்னு அட்டையில போட்டிருக்கா என்ன? சும்மா பொழுது போவாம சீவுதேன்," என்றாள் ஜெபக்கனி. அவளும் கல்யாணமானவள்தான், இன்னும் பிள்ளை இல்லை. அவள் சீவிவிட்ட சடை மறுநாள் காலையில் கலைந்துவிடும். சடை கேள்வியில் கிடையாது. திரும்பவும் சீவுவாள்.

தேர்வு அன்றைக்கு, வந்துபோன நூறு பேரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். கொம்பையா மினிபஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். நூறு பேரை மூன்று நடையாகக் கொண்டுபோய் இறக்கினார். மூச்சுத் திணறல்காரரை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்காகப் படுக்கவைத்தோம். தன்ஷிகா பால்வாடிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவளும் கடைசி நடையில் வந்து, அறுபத்து மூன்றின் கையைப் பிடித்துக்கொண்டு தேர்வு நடக்கும் பள்ளிக்கூட வாசல்வரை நடந்தாள். உள்ளே கேள்விகளுக்கு மட்டும்தான் அனுமதி என்று வாட்ச்மேன் சொன்னதால் அப்பாவோடு திரும்பிப் போனாள்.

காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை தேர்வு. நான் தொண்ணூற்றொன்பது பேரை மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்குள் முடித்துவிட்டேன். மூச்சுத் திணறல்காரரை உட்காரவைத்ததும், "அப்பாடா, ஆறு மாசமாச்சும்மா," என்றார். எழுபது வயது அம்மாவின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டு எழுந்து போனார்.

பக்கத்து வரிசையில் ஜெபக்கனி தன் அறுபத்து மூன்றுக்கு வந்திருந்தாள். வட்டத்தைக் கறுப்பாக்கினாள். பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள். எட்டாத இடத்தில் டம்ளரை நகர்த்தினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அறுபத்து நாலைக் கூப்பிட்டாள்.

நான் 'இ' வட்டத்தைக் கறுப்பாக்கினேன். கிலோவுக்கு எழுபத்தைந்து மில்லி என்று கணக்கு. பதினாலு கிலோவுக்கு ஒரு லிட்டரும் ஐம்பது மில்லியும் வரும். கரைத்துவைத்து, மடியில் உட்காரவைத்துக் கரண்டியால் கொடுக்க ஆரம்பித்தேன். மேற்பார்வையாளர் நடந்து வந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"சுவத்துல ஒட்டுனதப் பாக்கலையாம்மா?"

"பாத்தேன் சார்."

"நேரம் கெடக்கு. அழிச்சிட்டு மாத்திக்கலாம்."

"சரி சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டியைக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுத்தேன்.

மூன்று மணிக்குக் கண் மேலே வர ஆரம்பித்தது. நாலு மணிக்கு வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், உடனே படிந்தது. நாலரைக்கு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணுக்கு வருது," என்றாள். அவள் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து மீதியையும் கொடுத்து முடித்தேன்.

ஐந்து மணிக்கு மணி அடித்ததும் இரண்டு பேர் வெள்ளைத் துணியோடு ஜெபக்கனி வரிசைக்கு வந்தார்கள். சுவர்ப் பக்கம் போனார்கள். ஜெபக்கனி பென்சிலை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் தாய் அவளைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதாச்சும் கொடுக்கலாமா என்று கேட்டாள். ஜெபக்கனி ரப்பரைத் தேடினாள். அது மேசைமேலேயேதான் இருந்தது. அதைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

என் அறுபத்து மூன்றின் தாய்க்குப் பதற்றம் போய்விட்டது. அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கொடுத்திருக்கவில்லை என்பதால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அப்புறம் பிள்ளையின் மணிக்கட்டில் இருந்த அட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, "சங்கரன்கோயில் பஸ்ஸு எங்க நிக்கும் சிஸ்டர்?" என்று கேட்டாள். சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. ஒரு மார்க் குறைவு. ஜெபக்கனிக்கு வேலை கிடைத்துக் குழந்தைகள் வார்டில் போட்டார்கள். லட்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு வட்டம்ட்டி," என்றாள். "ஒரே ஒரு வட்டம். ரெண்டு பேரும் ஒரே பஸ்ல டூட்டிக்குப் போயிருக்கலாம்."

"உனக்கு ஜன்னல் சீட்டு கெடச்சிச்சுல்லா."

சிரித்தாள். போகும்போது தன்ஷிகாவைக் கூப்பிட்டுச் சடை பின்னிவிட்டாள். அவிழ்த்து, திரும்பப் பின்னினாள். மூன்று தடவை பின்னிவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தேர்வுத் துறையிலிருந்து ஆவுடையப்பன் என்று ஒருவர் வந்தார். நல்ல மனுஷர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். என் பெயருக்கு வழங்கப்பட்ட செட்டில் தொண்ணூற்றொன்பது கேள்விகள்தான் திரும்பி வந்திருக்கின்றன, ஒட்டிய விடைக்கு மாறாகக் குணமான கேள்வி கணக்கில் சேராது, காலியான இடத்தைக் காலி செய்தவரே நிரப்பித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"எல்லாருக்கும் பிள்ளைங்க திரும்பி வந்திருச்சா சார்?"

"வந்திருச்சும்மா. துணியோட வந்தாலும் வந்ததுதான? அச்சுல குடுத்து எடுத்துக்கலாம். உங்களுதுதான் பஸ் ஏறிப் போயிருச்சு." சுற்றிலும் பார்த்தார். "தாய்க்கு நீங்களே போதும். பெண் குழந்தை, வயசு நாலு. உங்க வீட்ல ஒண்ணு இருக்குல்ல?"

தன்ஷிகா கதவுக்குப் பின்னால் நின்று அவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பையிலிருந்து, பால்வாடியில் பிள்ளைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசை எடுத்து உத்தரத்துக் கொக்கியில் மாட்டினார். தன்ஷிகாவுக்கு அது பழக்கம்தான், தானே வந்து காலை விட்டுக்கொண்டாள். முள் பதின்மூன்றரையில் நின்றது.

"அடடா. பதினாலு வேணும்மா. அட்டையில பதினாலுன்னு இருக்கு."

"அரைக் கிலோ கொறையுது சார்."

"பரவாயில்ல. வளர்ற பிள்ளதான. மாசா மாசம் மொதச் செவ்வாய் வாரேன். பதினாலு வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் கிளம்பினாப் போதும்."

கொம்பையா அன்றைக்கு வீட்டில் இருந்தார். "பதினாலத் தாண்டிட்டா சார்? பதினஞ்சு வந்துட்டா?" என்று கேட்டார்.

"தாண்டுற வழியிலதான பதினாலு இருக்கு? வளருற வேகத்தப் பாத்து நடுவுலயும் ஒரு எட்டு வந்துட்டுப் போவேன்," என்றார் ஆவுடையப்பன். அது நியாயமாகத்தான் இருந்தது. போகும்போது துறையின் செலவில் இரண்டு பாக்கெட் சத்துமாவும் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பதின்மூன்று எழுநூறு. பழத்தை அவள் பார்க்கிற இடத்தில் வைத்தது என் தப்பு. அதற்கப்புறம் நான் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தேன். படித்த படிப்பு கைகொடுத்தது. ஓர் இட்லியில் எவ்வளவு சத்து, அரை முட்டையில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். காலையில் ஓர் இட்லி, சாம்பார் தொட்டுக்கொள்ள. பதினோரு மணிக்குத் தெருவில் ஓடிப்பிடித்து விளையாட விடுவேன். நானும் கூட ஓடுவேன், சிரிப்பாக இருக்கும். மத்தியானம் ஒரு கை சோறு. சத்துமாவைப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன், அவை நன்றாக வளர்ந்தன. மூன்றாவது மாதம் பதின்மூன்று அறுநூறு. நாலாவது மாதம் பதின்மூன்று ஐந்நூறு.

"அம்மா, இன்னொரு இட்லி."

"அடுத்த செவ்வா கழிஞ்சு தாரேன் கண்ணு."

"எத்தன செவ்வா?"

"கொஞ்ச செவ்வாதான்."

தெருவில் பிள்ளை இளைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். பால்வாடி டீச்சர் அவளுடைய அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்துவிட்டு, "நீ நர்ஸுக்குப் படிச்சவதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஜெபக்கனி ஒருநாள் டூட்டி உடையோடே வந்து, தன்ஷிகாவின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கொம்பையா வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் தட்டிலிருந்து எடுத்துவிடுவாள் என்பதால் பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருவார். அவள் அவர் சட்டையை மோந்து பார்த்து, "அப்பா, பரோட்டா," என்பாள்.

ஒரு முடிவு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அட்டையில் வயது நான்கு என்றுதான் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி வந்தால் அவளுக்கு ஐந்து. ஐந்து வயதுப் பிள்ளையை அந்தக் கேள்வியில் உட்காரவைக்க முடியாது. அன்றைக்குக் காலையில் அவளுக்கு எத்தனை இட்லி கேட்டாலும் கொடுப்பது என்று நானும் கொம்பையாவும் பேசிவைத்திருந்தோம். அவர் பெரிய கேக்குக்குச் சொல்லியிருந்தார். நான் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கி, பாயசத்துக்கு என்று எடுத்துவைத்திருந்தேன்.

பதினோராம் தேதி சாயங்காலம் ஆவுடையப்பன் வந்தார். அன்றைக்குச் செவ்வாய் அல்ல. தராசும் கொண்டுவரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு தாளைக் கொடுத்தார். மேற்படி குழந்தையின் ஐந்தாவது பிறந்தநாள் நிர்வாகக் காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது, புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று தட்டச்சு செய்திருந்தது.

"எங்க கையெழுத்துப் போடணும் சார்?"

"இங்க. தேதியும் போட்ருங்கம்மா."

போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பெயரும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, தன்ஷிகாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

காலையில் எழுந்து நாள்காட்டியில் பதினொன்றாம் தேதித் தாளைக் கிழித்தேன். அடியில் பதின்மூன்று இருந்தது. வாசலில் பேப்பர்க்காரர் போட்டிருந்த பேப்பரிலும் பதின்மூன்று. கொம்பையா பதின்மூன்றாம் தேதிக்கான முதல் நடைக்குக் கிளம்பினார். பன்னிரண்டுக்கு வாங்கிவைத்த பாலை அடுப்பில் வைத்தேன். திரியவில்லை. பொங்கி வந்ததும் இறக்கி, ஆற்றி, அவளுக்கு அரை டம்ளர் கொடுத்தேன்.